கடற்கரைத் தெருவுக்கும் மெயின்ரோட்டுக்கும் நடுவே: ராமநாதபுரம் கடலோர ஊர்களில் படிப்பு இடைவெளியைக் குறைக்கும் வழிகள்

கீழக்கரை, ராமேசுவரம், தொண்டி, தேவிபட்டினம் என்று எந்த ஊரை எடுத்தாலும் படிப்பு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. காலையில் மெயின்ரோட்டில் பள்ளி வேன் நின்று ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகும். கடற்கரைத் தெருப் பிள்ளைகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு நடப்பார்கள். சிலர் நடக்கவே மாட்டார்கள்.

திட்டங்களுக்குக் குறைவில்லை. ஒன்றிய அரசு 2018-ல் அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களில் (பின்தங்கியவை என்று சிறப்புக் கவனம் பெறுபவை) தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை ராமநாதபுரமும் விருதுநகரும்தான். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களும் தாராளமாகவே கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் நுழைவாயில் வளைவுக்கும் முதல் மதிப்பெண் பரிசுக்கும் போகிறது. பிள்ளைகள் நழுவுவது வேறு இடங்களில்: மூன்றாம் வகுப்பு வந்தும் வாசிக்கத் தெரியாத இடத்தில், எட்டு முடித்து ஒன்பதுக்குப் போகும் இடத்தில், சான்றிதழில் பெயர் பொருந்தாத இடத்தில். ஊர்ச் சங்கம், ஜமாஅத், தேவாலயத்தின் பங்குப் பேரவை, முன்னாள் மாணவர் குழு, மகளிர் சுயஉதவிக் குழு என யார் இறங்கினாலும் இந்த மூன்று ஓட்டைகளை முதலில் அடைத்துவிடுங்கள்.

தெருப் பட்டியல்

ஊர் முழுவதையும் எடுக்க வேண்டாம். ஒரு வார்டு அல்லது 150 வீடு போதும். 3 வயது முதல் 18 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். பெயர் (ஆதாரில் உள்ளபடி ஒன்று, பள்ளியில் உள்ளபடி ஒன்று), பிறந்த தேதி, பள்ளி, வகுப்பு, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்), சாதிச் சான்று உண்டா இல்லையா, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு உண்டா. இத்தனை போதும். வருமானம் கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த கேள்விக்கும் சரியான பதில் வராது.

"பிள்ளை பள்ளிக்குப் போகுதா?" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் "போகுது" என்றுதான் சொல்வார்கள். "போன வாரம் எத்தனை நாள் போச்சு? போகாத அன்னைக்கு எங்கே இருந்துச்சு?" என்று கேளுங்கள். பதிவேட்டில் பெயர் இருந்து வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வரும் பிள்ளை எந்த இடைநிற்றல் கணக்கிலும் வராது. உங்கள் வேலையில் பாதி அந்தப் பிள்ளைகளைச் சுற்றித்தான்.

இருவர் சேர்ந்து போங்கள். ஒருவர் அதே தெருப் பெண்ணாக இருக்க வேண்டும். கடல்பாசி எடுக்கவும் நண்டுக் கம்பெனிக்கும் போகும் அம்மாக்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவதால் காலையில் கதவைத் தட்டிப் பயனில்லை. ஏழு மணிக்கு மேல் இரவில் போனால் ஆள் இருக்கும். சாயல்குடி, கடலாடிப் பக்கம் கரிமூட்டத்துக்கு (விறகை எரித்துக் கரி எடுக்கும் வேலை) குடும்பத்தோடு இடம் மாறுகிறவர்களைத் தனிப் பக்கத்தில் எழுதி, உறவினர் ஒருவரின் கைபேசி எண்ணையும் வாங்கி வையுங்கள்.

கடல் காலண்டரோடு பொருத்துங்கள்

பெரும்பாலான நல்ல முயற்சிகள் இங்கேதான் தோற்கின்றன. பள்ளியின் நாள்காட்டி ஒன்று, கரையின் நாள்காட்டி வேறொன்று.

ராமேசுவரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாட்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை வெள்ளி பிற்பகலில் வைப்பது வழக்கமாகிவிட்டது. விசைப்படகுத் தெருவுக்கு அது பொருந்தும், நாட்டுப்படகுத் தெருவுக்குப் பொருந்தாது. அங்கே திங்கள் அல்லது புதன் மாலை வையுங்கள். அப்பாக்கள் வருவதே இல்லை என்று குறைபடும் முன் அன்று எந்தப் படகு கடலில் என்று பாருங்கள்.

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஆண்டுத் தேர்வு, தனியார் பள்ளி இடங்களுக்கான விண்ணப்பம், ஜூன் மாதச் சேர்க்கை எல்லாம் விசைப்படகு வீடுகளில் கையில் காசு இல்லாத இந்த நாட்களில்தான் வந்து சேருகின்றன. தடைக்கால நிவாரணம் ரூ.8,000, சாப்பாட்டுக்கே அது பற்றாது. சீருடையும் நோட்டும் பையும் வாங்கித் தருவதாக இருந்தால் மே கடைசி வாரத்துக்குள் தாருங்கள். ஆகஸ்டில் விழா வைத்துக் கொடுப்பது பிள்ளைக்கு உதவாது, விழாவுக்குத்தான் உதவும்.

அதைவிட முக்கியம் ஜூன் 15. பள்ளி திறந்து சில நாளில் படகுகளும் கிளம்புகின்றன. தடைக்காலத்தில் கேரளாவுக்குத் தொழிலுக்குப் போனவர்கள் சிலர் திரும்பியிருக்க மாட்டார்கள். படகுக்கு ஆள் குறையும். எட்டாம் வகுப்பு முடித்த பையனை "ஒரு பாடு போயிட்டு வரட்டும்" என்று ஏற்றுவது அப்போதுதான். மீன் விற்றதில் முதல் பங்குப் பணம் கையில் வந்துவிட்டால் அவனை வகுப்பறைக்குத் திருப்புவது மிகக் கடினம். எனவே ஜூன் 15 முதல் இரண்டு வாரம் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவை நாள்தோறும் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். தொடர்ந்து மூன்று நாள் வராதவன் வீட்டுக்கு அன்று மாலையே ஆள் போக வேண்டும். படகு உரிமையாளர் சங்கத்திடம் ஒரே கோரிக்கை வையுங்கள்: 18 வயது ஆகாதவரை ஏற்றக் கூடாது. தனித்தனி வீடாகப் பேசுவதைவிடச் சங்கத்தில் ஒருமுறை முடிவெடுக்க வைப்பது எளிது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கை வந்தால் தொழில் நிற்கும். பிப்ரவரி அல்லது மார்ச்சில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா, இவை தவிர ஏர்வாடி சந்தனக்கூடு, ரமலான். இந்த நாட்களில் தேர்வோ முகாமோ வைக்காதீர்கள். அப்பா இலங்கைக் கடற்படையிடம் சிக்கிய வீட்டில் மூத்த பிள்ளையின் படிப்புதான் முதலில் நிற்கும். அதற்கென்று ஒரு சிறு நிதியைத் தனியே ஒதுக்கி, செய்தி வந்த வாரமே மூன்று மாத மளிகையை வீட்டில் இறக்கிவிடுங்கள். விண்ணப்பம் எழுதச் சொல்லிக் காத்திருக்க வைக்காதீர்கள்.

வாசிப்பு: வகுப்பை மறந்து நிலையைப் பாருங்கள்

3 முதல் 8 வரை படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஐந்து நிமிடம். ஒரு அட்டையில் பத்து எழுத்து, பத்து எளிய சொல், நான்கு வரிப் பத்தி, எட்டு வரிக் கதை. நடுவிலிருந்து தொடங்குங்கள்: முதலில் பத்தி, சரளமாக வாசித்தால் கதை, தடுமாறினால் சொல், அதுவும் வராவிட்டால் எழுத்து. கணக்குக்கு, கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டிலக்கக் கணக்கு ஒன்று, மூன்றிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுப்பது ஒன்று. மற்ற பிள்ளைகள் காதில் விழாத மூலையில் செய்யுங்கள். இல்லையென்றால் வரிசையில் நிற்பவன் பத்தியை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் வருவான்.

தமிழில் பிள்ளைகள் சிக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். கெ, கே, கை, கொ, கோ, கௌ வரிசையில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. அ, ஆ வரிசையில் நன்றாகப் போகிற பிள்ளை இங்கே வந்து நின்றுவிடும். இந்த ஆறு வரிசைக்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ர, ற, ல, ள, ழ குழப்பத்தை இப்போது திருத்த வேண்டாம். அது வாசிப்புத் தடை அல்ல, பின்னால் சரியாகும்.

ஒரு தன்னார்வலருக்கு 15 முதல் 20 பிள்ளை. வகுப்புப்படி உட்கார வைக்காமல் எழுத்து, சொல், பத்தி, கதை என நான்கு வட்டம். மாலை 5 முதல் 6.30 வரை: பத்து நிமிடம் எல்லாருக்கும் கதை படித்துக் காட்டுதல், முப்பது நிமிடம் வட்ட வாசிப்பு, இருபது நிமிடம் எழுதுதல், முப்பது நிமிடம் கணக்கு. 40 மெலிந்த கதைப் புத்தகம், உயிர்மெய் அட்டவணை நான்கு, பத்துப் பத்தாகக் கட்டிய 200 குச்சி போதும். குச்சிக்குப் பதில் கரையில் பொறுக்கிய சிப்பியும் ஆகும், பத்துப் பத்தாய் நூலில் கோத்தால். நாற்பது வேலை நாளுக்குப் பிறகு அதே அட்டையின் வேறு பிரதியில் மறு சோதனை.

இதில் கெட்டுப்போகும் விதங்கள் தெரிந்தவைதான். முதலாவது, மையம் மெல்ல மெல்ல வீட்டுப்பாட டியூஷன் ஆகிவிடும், ஏனென்றால் பெற்றோர் அதைத்தான் கேட்பார்கள். முதல் நாற்பது நாள் பள்ளி நோட்டைத் திறக்கவே கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அடுத்தது, ஏழாம் வகுப்புப் பையன் இரண்டாம் வகுப்புப் பிள்ளையோடு எழுத்து வட்டத்தில் உட்கார வெட்கப்பட்டு நின்றுவிடுவான். ஆறாம் வகுப்புக்கு மேல் தனி மூலை. அங்கே பாப்பாக் கதை வேண்டாம். பேருந்துப் பலகை, மீன் ஏல விலைப் பட்டியல், டீசல் பில், கிரிக்கெட் செய்தி என்று கொடுங்கள். தன்னார்வலர் பாதியில் நிற்பதும் உண்டு. இல்லம் தேடிக் கல்வியில் அரசு மாதம் ரூ.1,000 கொடுத்தது. அதற்குக் குறையாமல் நீங்களும் கொடுங்கள், மாதம் 5-ஆம் தேதிக்குள். சேவை என்று சொல்லிச் சம்பளத்தைத் தட்டினால் ஆள் நிற்காது.

இடம் முக்கியம். தேவாலய மண்டபமும் மதரசாவும் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் மற்றத் தெருப் பிள்ளைகள் வரமாட்டார்கள். பள்ளிக்கூடமே நல்லது. இல்லையென்றால் கிளை நூலகம் அல்லது புயல் பாதுகாப்பு மையம். மெயின்ரோட்டுப் பிள்ளைகளில் வாசிக்கத் திணறுகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டணப் பள்ளியில் படிப்பதால் அது வெளியே தெரிவதில்லை, அவ்வளவே. அவர்களையும் அதே சோதனைக்குக் கூப்பிட்டு அதே வட்டத்தில் உட்கார வையுங்கள். ஏழைப் பிள்ளை மையம் என்று பெயர் விழுந்துவிட்டால் ஏழைகளும் வரமாட்டார்கள்.

தண்ணீரும் காலைச் சாப்பாடும்

பெண் பிள்ளைகள் தாமதமாக வருவதற்குக் காரணம் பல தெருக்களில் குழாய். காலை எட்டரைக்குத் தண்ணீர் விட்டால் குடத்தோடு வரிசையில் நிற்பது அவர்கள்தான். பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ பேசி ஏழு மணிக்கு முன்போ மாலையிலோ விடச் சொல்லுங்கள். செலவே இல்லாத சீர்திருத்தம் இது. வருகைப் பதிவில் உடனே தெரியும்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரைதான். விடியும் முன்பே அம்மா வேலைக்குப் போகும் வீட்டில், ஆறாம் வகுப்பு வந்ததும் அந்தத் தட்டு நின்றுவிடுகிறது. ஊர்ப் பணத்தில் 6 முதல் 8 வரைக்கு நீட்டிக்கலாம். ஒரு பிள்ளைக்கு 80 கிராம் ரவை அல்லது பச்சரிசி, 20 கிராம் பருப்பு என்று கணக்கிட்டால் 30 பிள்ளைக்கு 2.4 கிலோ ரவை, 600 கிராம் பருப்பு. மகளிர் குழுவிடம் சமையலை ஒப்படைத்து, வாரக் கணக்கைப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள்.

தனியார் பள்ளியில் 25 சதவீத இடம்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 12(1)(சி) பிரிவின்படி, சிறுபான்மை அல்லாத, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி ஒதுக்க வேண்டும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2014-ல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. இந்தக் கரையில் நல்ல பெயரெடுத்த பள்ளிகளில் கணிசமானவை கிறித்தவ, முஸ்லிம் அறக்கட்டளைகளின் பள்ளிகள். ஆகவே எந்தப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம் என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பட்டியல் வாங்கிப் பார்த்துவிட்டு நோட்டில் குறியுங்கள். சிறுபான்மைப் பள்ளிகளிடம் சட்டம் பேசிப் பயனில்லை. ஜமாஅத், மறைமாவட்டம் வழியாக வகுப்புக்கு இத்தனை இடம் என்று தாமாக ஒதுக்கச் சொல்லிக் கேட்பதுதான் வழி.

வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 அன்று 3 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆண்டு வருமானம் ரூ.2 லட்சத்துக்குக் கீழ் உள்ளவர்கள் நலிவடைந்த பிரிவிலும், சாதிச் சான்று உள்ளவர்கள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவிலும் விண்ணப்பிக்கலாம். ஆன்லைன் விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே 20 வாக்கில் முடியும். 2025-ல் ஒன்றிய அரசின் நிதிச் சிக்கலால் அக்டோபருக்குத் தள்ளிப்போனது, எனவே ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பைப் பாருங்கள். இ-சேவை மையத்தில் சான்றிதழ்களை மார்ச்சிலேயே எடுத்துவிடுங்கள். வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும்.

இடம் கிடைத்ததோடு முடியாது. வேன், சீருடை, ஆண்டு விழா என்று வசூல் வரும். இரண்டாம் ஆண்டில் பிள்ளை நின்றுவிடுவது பெரும்பாலும் இதனால்தான். அந்தத் தொகைக்கு யார் பொறுப்பு என்று முடிவு செய்யாமல் சேர்க்காதீர்கள். எட்டாம் வகுப்போடு இந்தச் சலுகை முடிகிறது என்பதையும் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு

இதைத்தான் எங்கும் யாரும் சொல்வதில்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கும் நீண்டது. இதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. இந்தக் கரையில் மிஷன் பள்ளிகள் பல அரசு உதவி பெறுபவை. சம்பளம் அரசு கொடுப்பதால் அதுவும் அரசுப் பள்ளி என்று நினைத்து ஆறாம் வகுப்பில் சேர்ப்பவர்கள் பன்னிரண்டு முடிந்த பிறகுதான் விவரம் அறிகிறார்கள். 25 சதவீத இடத்தில் எட்டு வரை படித்த பிள்ளை 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5-க்குத் தகுதி உண்டு. அதே தனியார் பள்ளியில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டித் தொடர்ந்தால் தகுதி போகும்.

கல்லூரி மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண் திட்டத்தில் (2022) இப்போது உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்ந்துவிட்டார்கள். மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன். ஆக, உதவி பெறும் பள்ளி மோசம் என்பதல்ல. நல்ல ஆசிரியர் அங்கே இருந்தால் அங்கேயே சேர்க்கலாம். எதை விட்டு எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பெற்றோரை ஏப்ரல் முதல் வாரத்தில் உட்காரவைத்து இதைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

எட்டாம் வகுப்பும் உதவித்தொகையும்

தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு எட்டாம் வகுப்புக்கு. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ரூ.12,000. பங்குப் பணத்தோடு போட்டி போடக்கூடிய உதவித்தொகை என்பதால் இதில் தனிக் கவனம் வையுங்கள். அரசு, உதவி பெறும் பள்ளி மாணவர் எழுதலாம். பெற்றோர் வருமானம் ரூ.3.5 லட்சத்துக்குள், ஏழாம் வகுப்பில் 55 சதவீதம், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 50. மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி. மனத்திறன் பகுதியை வகுப்பில் யாரும் நடத்துவதில்லை. ஜூலை முதல் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் கொடுத்தாலே போதும். தனியார் பள்ளியில் கணக்கு நடத்தும் ஆசிரியர்களிடம் கேளுங்கள். அவர்கள் ஊருக்குத் தரக்கூடிய மிக நல்ல நன்கொடை இந்த இரண்டு மணி நேரம்.

தேர்வான பிறகு பணம் வராமல் போவது வேறு கதை. தேசிய உதவித்தொகை இணையத்தில் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுக்காவிட்டால் நின்றுவிடும் (பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5 சதவீதம் தளர்வு). வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஞானஸ்நானப் பெயர் சவேரியார், ஆதாரில் சேவியர், பள்ளியில் எஸ். சேவியர். முகமது, முஹம்மது, முகம்மது மூன்றும் மூன்று காகிதத்தில். எந்தப் பிள்ளைக்கும் எட்டாம் வகுப்புக்குள் ஆதார், எமிஸ், வங்கி மூன்றிலும் ஒரே பெயர் என்று ஆக்கிவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் போனபிறகு திருத்துவது பெரும் அலைச்சல்.

மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுத்தால் கல்விச் சட்டத்தின் 5, 14 பிரிவுகளைச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பு வரை அந்தக் காரணங்களுக்காக மறுக்க முடியாது. கரிமூட்டம் முடிந்து திரும்பும் பிள்ளைக்கும் இலங்கை அகதிகளுக்கான மண்டபம் முகாமுக்குப் புதிதாக வந்த பிள்ளைக்கும் இது உதவும்.

ஊர்ப் பணம்

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். குழுவில் கடற்கரைத் தெருப் பெண் உண்டா, அவர் பேசுகிறாரா என்று பாருங்கள். ஆசிரியர் காலியிடம், கழிப்பறைத் தண்ணீர் போன்றவற்றைத் தீர்மானமாக எழுதி, நகலில் அலுவலக முத்திரை வாங்கி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த நகலே பேசும்.

நன்கொடையாளர் பணத்தை நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி திட்டம் வழியாகக் கொடுத்தால் கணக்கு தெளிவாக இருக்கும். எதற்குக் கொடுப்பது என்பதில் கறாராக இருங்கள். ஸ்மார்ட் வகுப்பறைத் திரை உப்புக் காற்றில் துருவேறி, பழுதுபார்க்க ஆளில்லாமல் மூடிக் கிடக்கும். அதே தொகையில் மூன்று ஆண்டுக்குத் தன்னார்வலர் மதிப்பூதியம், ஒரு அறிவியல் ஆசிரியரின் சம்பளத்துக்குக் கைகொடுத்தல், மேல்நிலைப் பள்ளி தூரமாக உள்ள பெண் பிள்ளைகளுக்கு மாலை சிறப்பு வகுப்பு முடிந்ததும் ஆட்டோ என்று செய்யலாம். மேடையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நோட்டு கொடுத்துப் படம் எடுப்பதை முதல் ஆண்டே நிறுத்திவிடுங்கள். அந்தப் படத்தில் நின்ற பிள்ளை மறுநாள் வேன் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடாது.

ஆண்டு முடிவில் அதே நோட்டை எடுத்து அதே பெயர்களை மறுபடி எழுதுங்கள். எத்தனை பேர் எழுத்து வட்டத்திலிருந்து கதைக்குப் போனார்கள், எட்டு முடித்தவர்களில் எத்தனை பேர் செப்டம்பரிலும் ஒன்பதாம் வகுப்பில் இருந்தார்கள், உதவித்தொகைக்குத் தேர்வானவர்களில் எத்தனை பேர் கணக்கில் உண்மையிலேயே பணம் ஏறியது. முதல் எண் ஏறாவிட்டால் மையம் டியூஷனாக மாறிவிட்டது என்று கொள்ளுங்கள். இரண்டாவது ஏறாவிட்டால் ஜூன் 15-க்குப் பிந்தைய இரண்டு வாரத்தில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மூன்றாவது ஏறாவிட்டால் வங்கிப் புத்தகங்களையும் ஆதார் அட்டைகளையும் மேசையில் பரப்பி, ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.